வீட்டுக் கல்விக் குழுவுக்கு விதிகள் எழுதுவது எப்படி?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் தில்லியில் நம்மவர்களிலும் சிலர் இருக்கிறார்கள். அடிக்கடி வரும் டிரான்ஸ்ஃபர், பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் இல்லாத குறை என்று காரணங்கள் பல. பதினான்கு வயது நிறைந்த பிள்ளை தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் சேர்ந்து, தமிழையும் ஒரு பாடமாக எடுத்து, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியும்.

தனியாகச் சமாளிப்பது சிரமம் என்பதால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, கணக்கு ஒருவர், தமிழ் ஒருவர் என்று பகிர்ந்துகொள்கிறார்கள். புத்தகம் வாங்கப் பணமும் சேருகிறது. "நமக்குள் எதற்கு சார் விதியெல்லாம்?" என்று கேட்பார்கள். நல்லுறவு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். மனஸ்தாபம் வந்த பிறகு எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு வரியும் யாரையோ குறிவைப்பதாகவே தோன்றும்.

ரயில்வேயில் விதிகள் மூன்று அடுக்காக இருக்கும். பொது விதிகள் நாடு முழுவதற்கும். துணை விதிகள் அந்தந்த ரயில்வேக்கு. நிலையப் பணி விதிகள் அந்த ஸ்டேஷனுக்கு மட்டும். கீழே இருப்பது மேலே இருப்பதற்கு முரணாகக் கூடாது. குழுவுக்கும் அப்படியே: மேலே நாட்டின் சட்டம், அடுத்து நோக்கங்களைச் சொல்லும் மெமோரண்டம், அதன் கீழ் நடைமுறை விதிகள்.

நோக்கம்: 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அங்கீகாரம் பெறாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். ஆகவே குழுவின் பெயரில் "பள்ளி" என்ற சொல் வேண்டாம். "பெற்றோர் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் குழு" என்று நோக்கத்தில் தெளிவாக எழுதுங்கள். நடைமுறையும் அதற்கேற்றபடியே இருக்கட்டும்.

பதிவு: தில்லியில் 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிவான பின், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து பதினான்கு நாட்களுக்குள் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் தர வேண்டும்.

பணம்: வங்கிக் கணக்கில் மூவர் பெயர் இருக்கட்டும், எந்த இருவர் கையெழுத்தும் செல்லும் என்று வையுங்கள். கணவன், மனைவி இருவரும் அந்த மூவரில் இருக்க வேண்டாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணக்கை எல்லோர் முன்பும் வாசிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு வாக்குரிமை இல்லை என்று மேற்சொன்ன சட்டமே கூறுகிறது.

இடமாற்றம்: வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதுதான் முக்கியம். செயலாளருக்கே ஆண்டின் நடுவில் டிரான்ஸ்ஃபர் வரலாம். பாஸ்புக், பதிவேடு, சாவி, புத்தகப் பட்டியல் எல்லாவற்றையும் யாரிடம், எத்தனை நாட்களுக்குள் ஒப்படைப்பது என்று எழுதி வையுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்கும், சந்தா கிடைக்காது என்பது போன்றவற்றைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வருகையைப் "பத்துப் பேர்" என்று எண்ணிக்கையில் எழுதாமல், "மூன்றில் ஒரு பங்கு" என்று எழுதுங்கள். நாலு குடும்பம் ஊர் மாறினாலும் கூட்டம் நடக்கும்.

பிள்ளைகள்: வகுப்பு நடக்கும் வீட்டில் பாடம் சொல்பவர் தவிர இன்னொரு பெற்றோரும் இருக்க வேண்டும். பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். தெரிந்தவர்கள்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

மாற்றமும் கலைப்பும்: நோக்கத்தை மாற்ற, பத்து நாள் முன்னறிவிப்புடன் ஒரு சிறப்புக் கூட்டம், ஒரு மாத இடைவெளியில் இரண்டாவது கூட்டம், இரண்டிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு தேவை. சங்கத்தைக் கலைக்கவும் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். கடன் தீர்ந்து மிஞ்சுவதை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. வேறொரு சங்கத்துக்கே போக வேண்டும். பிள்ளைகளுக்காக வாங்கிய புத்தகங்கள் வேறு பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்பது நியாயம்தானே?

நடைமுறை விதிகள் இரண்டு மூன்று பக்கம் போதும். பதிவாளருக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ கொடுத்தாலும், ஒரு பிரதியைத் தமிழில் எழுதி வையுங்கள். எல்லோரும் கூடி உரக்கப் படித்து, புரியாத வரியை அங்கேயே திருத்தி, அதன்பின் கையெழுத்திடுங்கள்.