நடுவரை யார் நியமிப்பது?

லாரி வாங்கக் கடன் எடுப்பவர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில், பொடி எழுத்தில் ஒரு ஷரத்து இருப்பதுண்டு. தகராறு வந்தால் நிறுவனம் நியமிக்கும் நடுவர் விசாரிப்பார், அவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று அது சொல்லும். தவணை தவறும்வரை அதை யாரும் படிப்பதில்லை.

அந்தத் தீர்ப்பின் பலம் பெரிது. 1996-ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் சட்டப்படி, சிவில் நீதிமன்ற டிகிரியைப் போலவே அதை நிறைவேற்றலாம். சொத்து ஜப்தி வரை போகலாம். மேல்முறையீட்டைப் போல வழக்கை முதலிலிருந்து விசாரிக்க வழியில்லை. ரத்து செய்யக் கோருவதற்கும் சில காரணங்கள்தான் உண்டு. அதற்கான கெடு 3 மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். இவ்வளவு அதிகாரம் உள்ளவரை ஒரு தரப்பே தேர்ந்தெடுப்பது எப்படி நியாயமாகும்?

இரு தரப்பையும் சமமாக நடத்த வேண்டும் என்று சட்டத்தின் 18-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனாலும் அரசு ஒப்பந்தங்களில் துறை அதிகாரியே நடுவராக அமர்வது வெகுகாலம் நடந்துவந்தது. 2015-இல் வந்த திருத்தம் அதற்குத் தடை போட்டது. ஒரு தரப்பின் ஊழியரோ ஆலோசகரோ நடுவராக முடியாது என்றது புதிய ஏழாவது அட்டவணை.

உடனே அடுத்த கேள்வி எழுந்தது. நிர்வாக இயக்குநர் தானே நடுவராக முடியாது, சரி. தன் விருப்பப்படி வேறொருவரை அமர்த்தலாமா? 2017-இல் டி.ஆர்.எஃப். வழக்கில், தகுதியிழந்தவர் இன்னொருவரை நியமிக்கவும் முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் தனி நடுவரைத் தாமாக நியமிக்கக் கூடாது என்றது.

ரயில்வே ஒப்பந்தங்களின் ஏற்பாடு சற்று நுட்பமானது. ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரிகள் குறைந்தது 4 பேரின் பெயர்ப் பட்டியலை ரயில்வே அனுப்பும். கான்ட்ராக்டர் அதிலிருந்து 2 பெயரையாவது சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவரையாவது பொது மேலாளர் ‘கான்ட்ராக்டரின் நடுவர்’ என்று அமர்த்துவார். மீதி நடுவர்களை நியமிப்பதும், யார் தலைமை என்று சொல்வதும் அவரே. பார்வைக்கு இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது போலிருக்கும். மூன்று நாற்காலிகளையும் நிரப்பியது ஒரே கை. 2019 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இதை ஏற்றுக்கொண்டது.

அந்த முடிவு 2024 நவம்பர் 8 அன்று மாறியது. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகளின் அரசியல் சாசன அமர்வு, சம நடத்தை என்பது நடுவரை நியமிக்கும் கட்டத்துக்கும் பொருந்தும் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. பொதுத்துறை நிறுவனம் பட்டியல் வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒருதலை நியமனத்துக்கு இடம் தரும் பொதுத்துறை ஒப்பந்த ஷரத்துகள் அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவுக்கு முரண் என்றும் அது கூறியது. நீதிபதிகள் ரிஷிகேஷ் ராயும் பி.எஸ். நரசிம்மாவும் இந்தக் கடைசி அம்சத்தில் மாறுபட்டார்கள். ஆர்பிட்ரேஷன் சட்டத்துக்குள் சாசனக் கோட்பாடுகளைக் கொண்டுவரத் தேவையில்லை என்பது அவர்கள் கருத்து.

சாதாரணக் கடனாளிக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. தகராறு எழுந்த பிறகு, நடுவரின் தகுதியின்மை குறித்த ஆட்சேபத்தை இரு தரப்பும் எழுத்து மூலம் வெளிப்படையாகக் கைவிட்டால்தான் அந்தத் தடை நீங்கும். முதலில் போட்ட கையெழுத்து அதற்குப் போதாது. ஆகவே நோட்டீஸ் வந்ததும் அதை ஒதுக்கிவைக்காமல், இந்த நியமனத்தை ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். இருவரும் ஒப்பும் ஒரு பெயரைக் கேட்கலாம். 30 நாளுக்குள் உடன்பாடு வராவிட்டால், நடுவரை நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் 11-ஆவது பிரிவின்கீழ் மனு போடலாம்.