நீச்சலடித்தால் பாடம் மனதில் நிற்குமா?

கல்வராயன் மலை மழை கோமுகி அணைக்கு வந்து சேர்கிறது. கீழே கள்ளக்குறிச்சிப் பக்கத்தில், நீர் நிறைந்த கிணறு கண்டால் பிள்ளைகளுக்குக் கால் நிற்காது. "ஆடியது போதும், போய்ப் படி" என்று நாம் கரையேற்றுகிறோம். அந்த அவசரம் தேவையில்லை.

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச் சொற்களைக் கற்பித்துவிட்டு, நீந்தவோ வண்ணம் தீட்டவோ விட்டார்கள். நீந்திய பிறகு வைத்த தேர்வில் சுமார் 13 சதவீதம் கூடுதலாகச் சரியான விடை வந்தது.

ஏன்? இதயம் வேகமாக அடிக்க, மூளைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. நரம்பணுக்களை வளர்க்கும் புரதமும் பெருகுகிறது. சற்றுமுன் கற்றது பதிய இவை உதவுகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆனால் அதே ஆய்வில், யோசித்து யோசித்துச் செய்யவேண்டிய கடின உடற்பயிற்சி செய்த பிள்ளைகளிடம் இந்தப் பலன் தெரியவில்லை! பழகிய நீச்சலுக்கு யோசனை வேண்டாம். மூளை தன் வேலையைப் பார்க்கும்.

ஆகவே முதலில் நீச்சலைப் பொறுமையாகப் பழக்குங்கள், சுரைக்குடுக்கை கட்டியாவது. முதுகில் குடுக்கை இருந்தாலும், நீந்தத் தெரிந்த பெரியவர் கையெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் இருக்கவேண்டும். பழகியபின், விடுமுறை நாளில் பாடத்தை முடித்த கையோடு நீந்த விடுங்கள்.