விடாது பற்றும் பிரேக்

1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களை மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் பேணுவோர், பின்சக்கர டிரம்மை அகற்றி டிஸ்க் பிரேக் பொருத்தினால், மிதியை விட்ட பின்னும் அது பற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தி, கைபிரேக்கை விடுவித்துச் சுற்றுக. சுழலாவிடில், காலிப்பரில் காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்துக. உடனே சக்கரம் விடுபட்டால், குழாயில் அழுத்தம் தேங்கியுள்ளது. டிரம்மில் வலிய ஸ்பிரிங்குகள் லைனிங்கைப் பின்னிழுக்கும். டிஸ்கில் அவை இல்லை. எனவே டிரம்முக்கென அழுத்தம் காக்கும் பழைய வால்வை நீக்குதல் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் தண்டில் சிறு இடைவெளி உண்டா, ரப்பர் குழாய் உள்ளே வீங்கியதா என்றும் நோக்குக.

விடுபடாவிடில், கைபிரேக் கம்பி இறுகியிருக்கலாம், காலிப்பர் துருப்பிடித்திருக்கலாம்.

உராய்வின் வெப்பத்தால் பிரேக் எண்ணெய் கொதித்தால், பிடிக்க வேண்டிய வேளையில் பிரேக் பிடிக்காது. குடும்பத்தாரை ஏற்றுமுன் இதனைச் சீர்செய்தல் கடமையன்றோ?