வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே!

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக வாடையே கிடையாது. நிறமும் கிடையாது. அப்படியானால் கேஸ் கசியும்போது மூக்கைத் துளைக்கிறதே, அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது? நாம் சேர்ப்பதுதான் அது! 'எத்தில் மெர்காப்டன்' என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு கலந்துதான் சிலிண்டரில் நிரப்புகிறார்கள். காற்றில் மிக மிகக் கொஞ்சம் இருந்தாலும் நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

இதற்குப் பின்னால் பெருந்துயரம் ஒன்று இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில், குழாயில் வந்த இயற்கை எரிவாயு கசிந்து கட்டடத்துக்கு அடியில் சேர்ந்திருந்தது. வாடை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. பள்ளியின் பட்டறையில் மரத்தை இழைக்கும் மின் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார்கள். அதில் எழுந்த பொறியில் வாயு பற்றி வெடித்ததாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 300 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் உங்களைப் போன்ற பிள்ளைகள். அதன் பிறகு எரிவாயுவில் வாடை சேர்த்தே தீர வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் வந்தது.

ஒரு சுவிட்சுக்கு அவ்வளவு சக்தியா? சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் இருக்கின்றன. அவை சேரும்போதும் பிரியும்போதும் நடுவில் ஒரு சின்ன மின்பொறி தாவும். இருட்டில் சுவிட்சைத் தட்டும்போது உள்ளே பளிச்சென்று நீலமாக மின்னுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 100 பங்கு காற்றில் 2 பங்கு அளவுக்குச் சமையல் எரிவாயு கலந்திருந்தாலே, அந்தப் பொறியில் தீப்பற்றிக்கொள்ளும். போடும்போது மட்டுமல்ல, அணைக்கும்போதும் பொறி வரும். அதனால், எரிகிற மின்விளக்கு எரியட்டும்; அணைந்தது அணைந்தே இருக்கட்டும். வாடையை விரட்டலாம் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவே கூடாது.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. இது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. கொட்டிய தண்ணீரைப் போலத் தரையோடு தரையாகப் பரவும். ஆகவே உயரத்தில் இருக்கும் ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது; வாசல் கதவையும் திறக்க வேண்டும்.

வாடை வந்தால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். அடுப்பையும் ரெகுலேட்டரையும் அவர்கள் மூடட்டும். சாமி விளக்கு எரிந்தால் அதையும் அணைக்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்துகொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். போனை வெளியே வந்த பிறகே எடுக்க வேண்டும். எரிவாயுக் கசிவுக்கான இந்திய உதவி எண் 1906. தீப்பிடித்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க யாராவது தீக்குச்சியைக் கிழிக்கப் போனால் தடுத்துவிடுங்கள். ரப்பர் குழாயின் மேல் சோப்புத் தண்ணீர் தடவினாலே போதும். கசிகிற இடத்தில் குமிழி வரும்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். சிலிண்டரின் கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். 'ஏ' என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. 'பி', 'சி', 'டி' என்பவை அடுத்தடுத்த மும்மாதங்கள். எண் ஆண்டைக் குறிக்கும். சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய காலம் அது. அடுத்த சிலிண்டர் வரும்போது அந்த எழுத்தை வாசித்துச் சொல்லும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். காலம் கடந்திருந்தால், வாங்கவேண்டாம் என்று அம்மா அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.