நாற்காலி வந்துவிட்டது, உட்காருவது யார்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. சாம்பல் நிற மலை அணில்கள் வாழும் காடு அது. அந்த அணில்களுக்காக 1988-ல் இந்தக் காடு சரணாலயம் ஆயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது.

அணிலும் புலியும் மட்டும்தானா அங்கே? மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பளியர்கள். தேனும் கிழங்கும் எடுத்து, காட்டை நம்பி வாழ்ந்துவந்த மலைமக்கள்.

இத்தகைய அடிவாரக் குடியிருப்புகளில் தண்ணீர் சுமப்பவள் பெண். சுள்ளி பொறுக்குபவள் பெண். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இடுப்பில் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடுபவளும் பெண்தான். குழாய் இல்லை, விளக்கு இல்லை, ரோடு இல்லை என்றால் முதல் கஷ்டம் அவளுக்கே. ஆனால் குழாய் எங்கே, ரோடு எங்கே என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவள் எங்கே இருக்கிறாள்? கடைசி வரிசையில்! பல ஊர்களில் அந்த இடமும் இல்லை. வீட்டு வாசலோடு சரி.

இந்த நிலையை மாற்றச் சட்டங்கள் வந்திருக்கின்றன. அவற்றைப் படிக்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண் வராவிட்டால் கூட்டம் செல்லாது!

2006-ல் வன உரிமைச் சட்டம் பிறந்தது. காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களுக்கு நிலத்திலும், தேன் போன்ற காட்டுப் பொருள்களிலும் உரிமை தரும் சட்டம் இது. அந்த உரிமையைக் கேட்கும் மனுக்கள் முதலில் கிராம சபைக்கு வரவேண்டும்.

அந்தச் சபைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது வரவேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்கவேண்டும். மனுக்களை விசாரிக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணவன் மனைவி இருவரும் இருந்தால், நில உரிமைப் பத்திரத்தில் இருவர் பெயரும் ஏறவேண்டும்.

அதாவது, அடுப்படியில் இருப்பவளை அழைத்து வராவிட்டால் ஊருக்கே நஷ்டம்! கூட்டம் செல்லாது, கூட்டம் செல்லாவிட்டால் மனு நகராது.

நூறு ஆண்டுப் போராட்டம்

இது ஒரே நாளில் கிடைத்ததல்ல. 1917 டிசம்பரில், இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் சிலர் அவரைச் சந்தித்தார்கள். “எங்களுக்கும் ஓட்டு வேண்டும்” என்று கேட்டார்கள். நான்கே ஆண்டுகளில், 1921-ல், சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். ஆனால் சொத்து உள்ளவர்களுக்கு மட்டுமே அன்று ஓட்டு. ஏழைப் பெண்ணுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது.

சட்டசபைக்குள் பெண் உட்காரலாம் என்ற அனுமதி 1926-ல் வந்தது. மறு ஆண்டே புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உறுப்பினரானார். சபையின் உதவித் தலைவராகவும் அமர்ந்தார். அந்த நாற்காலியை அவர் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அந்த வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-ல் முழு வடிவம் பெற்றது.

விருதுநகர் தந்த தலைவர் காமராசர், 1957 தேர்தலில் சாத்தூரில் வென்று மந்திரிசபை அமைத்தார். அதில் உள்ளாட்சித் துறையை ஏற்றவர் ஒரு பெண்மணி. குளச்சல் தொகுதியில் வென்ற லூர்தம்மாள் சைமன்.

பாதி இடம் பெண்களுக்கு

ஆனாலும் நூற்றுக்கு ஒருவர் இருவர் மந்திரியானால் போதுமா? ஊருக்கு ஊர் பெண் தலைவர் வேண்டாமா? அதற்கு வழி செய்தது அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம். 1993-ல் அது அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2016-ல் அந்த ஒதுக்கீடு பாதியாக உயர்ந்தது. 2019 டிசம்பரில் விருதுநகர் உட்பட 27 மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் அந்த முறைப்படி நடந்தது. 2022-ல் ராஜபாளையம் நகராட்சியின் தலைவராகப் பவித்ரா ஷ்யாம் தேர்வு பெற்றார்.

சட்டசபைக் கதை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி 2016-ல் சந்திரபிரபா என்ற பெண்மணியை அனுப்பியது உண்மை. ஆனால் 2021 தேர்தலில் மாநிலம் முழுவதும் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர் மட்டுமே! ஒதுக்கீடு இருந்த இடத்தில் பாதி. இல்லாத இடத்தில் இருபதில் ஒன்று. வித்தியாசம் புரிகிறதல்லவா? பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு தரும் சட்டம் 2023-ல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதிப் பிரிப்பும் முடிந்த பிறகே அமல் என்ற நிபந்தனையும் கூடவே எழுதப்பட்டது.

பெயர் மனைவிக்கு, பேச்சு கணவருக்கு

தேர்தலில் வென்றால் போதுமா? சுவரொட்டியில் மனைவி படம். ஆபீஸ் நாற்காலியில் கணவர். “தலைவரைப் பார்க்கவேண்டும்” என்று போனால், “என்னிடம் சொல்லுங்கள்” என்கிறார் அவர்!

தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். தலைவி படிக்காமலே கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? பணம் போன வழி அவருக்குத் தெரியாது. பழி மட்டும் அவர் தலையில் விழும்.

தைரியமாக நின்றவர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி, பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முனைந்தார். 2011 ஜூனில் அவரை வெட்டிச் சாய்த்தார்கள். அவர் உயிர் பிழைத்தது பெரும் அதிசயம். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தம் 2020 சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். ஐந்து நாள் கழித்து, கலெக்டர் முன்னிலையில் அவரே கொடி ஏற்றினார். இருவரும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள். பெண் என்பது ஒரு தடை. சாதி இன்னொரு தடை. இரண்டையும் அவர்கள் சேர்ந்தே தாண்டவேண்டியிருக்கிறது.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

அரசியல் பழக காலேஜுக்குப் போகவேண்டியதில்லை. ஊரில் உள்ள மகளிர் சுய உதவிக் குழுவே நல்ல பள்ளிக்கூடம். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சர்க்கார் உதவியோடு தொடங்கிய இந்த ஏற்பாடு, பிறகு மாநிலமெங்கும் பரவியது. வாரந்தோறும் கூடுகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், பாங்கிக்குப் போய் மானேஜரிடம் பேசுகிறார்கள். கூட்டம் நடத்தத் தெரிந்தவளுக்குப் பஞ்சாயத்து நடத்தத் தெரியாதா?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடவேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். யாரும் அழைக்கவேண்டியதில்லை, யாரும் தடுக்கவும் முடியாது. பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போகலாம். முன் வரிசையில் உட்காரலாம். “இந்த வருஷம் தண்ணீருக்கு எவ்வளவு செலவு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு கையெழுத்துப் போடலாம்.

ஆண்களுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த ஆறு நாளும் உலையை அவர்கள் வைக்கட்டும். குழந்தையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சட்டம் பெண்ணுக்கு நாற்காலியைப் போட்டுவிட்டது. அதுவரை நடந்துபோக வழிவிட வேண்டியது வீடுதான்!