வெடிக்குப் பயந்து ஓடும் நாய் எங்கே போகிறது?

தீபாவளி நெருங்கினால் டிக்கோயா கடைத்தெருவில் புடைவை, சட்டையோடு பட்டாசுக் கட்டுகளும் தொங்கத் தொடங்கிவிடும். பண்டிகையன்று லயத்து வாசலில் கொளுத்துகிற வெடி தகரக் கூரையில் அதிர்ந்து, எதிர்மலையில் மோதித் திரும்பவும் வரும். நமக்கே காது அடைத்துப் போகும். மனிதக் காதுக்கு எட்டுவது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். நாய்க்கு 45,000 வரை எட்டும், பூனைக்கு அதற்கும் மேலே. இஸ்தோப்பில் கட்டிக் கிடக்கிற நாய் வாலை இடுக்கிக்கொண்டு நடுங்கும், எச்சில் வடிக்கும். அடுத்த சரவெடிக்குச் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாயும்.

பட்டணத்து நாய் என்றால் வீதிக்கு ஓடும். நம் நாய் தேயிலைக்குள் ஓடும். என் கவலையெல்லாம் அங்கேதான்.

தேயிலை மலை முடிந்து காடு தொடங்குகிற ஓரங்களில், மானாப்புல் மண்டிய தடங்களில், பன்றிக்கென்று கம்பிச் சுருக்கு கட்டுகிறார்கள். பெரும்பாலும் பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி. ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை வளையமாக்கிப் பன்றியின் கழுத்து உயரத்துக்குத் தொங்கவிடுவார்கள். தலை நுழைந்தால் மிருகம் முன்னே தள்ளும். தள்ளத் தள்ள இறுகும். பகலில் அந்தத் தடத்தை மோந்து பார்த்து விலகிப் போகிற நாய்கூட, வெடிக்குப் பயந்து இருட்டில் தலைதெறிக்க ஓடும்போது எதையும் பார்ப்பதில்லை. 2020 மே மாதம் மஸ்கெலியா நல்லதண்ணிப் பகுதியில் இப்படியொரு சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை, மீட்டு வைத்தியம் பார்த்தும் சில நாளில் இறந்து போனது. அவ்வளவு பலமுள்ள விலங்கையே கொன்ற கம்பி அது.

சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை என்பதைத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயந்து தனியே ஒதுங்கிய நாய் அதற்குச் சுலபமாக அகப்படும். நாயைத் தேடி லயத்தோரம் வருகிற சிறுத்தையும் அதே சுருக்குகளைக் கடந்துதான் வர வேண்டும்.

வருடத்தில் ஒருநாள் பிள்ளைகள் சந்தோஷப்படட்டுமே என்பார்கள். படட்டும். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறிய சீமையிலேயே, சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், கண்மாய்க்கு வருகிற பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், லயத்து வாசலை விட்டு விளையாட்டு மைதானத்தில், ஒரு மணி நேரம் என்று பேசி முடிவெடுக்கலாம்.

நாய் வளர்க்கிறவர்கள் அன்றைக்குப் பொழுது சாயுமுன்னே அதை நடத்திக் கூட்டிவந்து, சோறு வைத்து, உள்ளே விட்டுவிட வேண்டும். இருப்பது ஒரே காம்பரா என்றால் கட்டிலுக்கடியில் பழைய கம்பளியை விரித்துக் கொடுங்கள். கதவைச் சாத்தி, ரேடியோவைப் போட்டு, சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். கழுத்துப் பட்டியில் தொலைபேசி இலக்கம் எழுதியிருக்கட்டும். தூக்க மாத்திரை, பனடோல் என்று கையில் கிடைத்ததைக் கொடுக்கவே கூடாது. பனடோலில் இருக்கிற பரசிட்டமோல் பூனையைக் கொன்றுவிடும். மாட்டுப்பட்டிக்குப் பக்கத்திலும் வெடி வேண்டாம், மிரண்ட மாடு பாலை இறக்காது. கடைத்தெருவிலும் கோயிலடியிலும் ஸ்டோர் ஓரத்திலும் படுக்கிற சொந்தக்காரனில்லாத நாய்களுக்கு, தினமும் சோறு போடுகிறவர்கள் அன்று மாலை உள்மறைவான இடத்தில் வைத்துச் சாக்கு விரித்துக் கொடுத்தால் அவை அங்கேயே ஒண்டிக்கொள்ளும்.

அப்படியும் ஓடிவிட்டால் இருட்டில் மலைக்குள் இறங்காதீர்கள். விடிந்ததும் நாலு பேராகப் போய்த் தேடுங்கள். பெரட்டில் சொல்லி வையுங்கள். நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கிற பெண்களின் காதில்தான் புதருக்குள் முனகுகிற சத்தம் முதலில் விழும். சுருக்கில் மாட்டியிருந்தால் நாயை இழுக்கக் கூடாது. சாக்கைப் போர்த்திப் பிடித்துக்கொண்டு, மரத்தில் கட்டிய முனையைக் குறட்டால் வெட்டினால் கம்பி தளரும். வளர்த்த நாயானாலும் வலியில் கடிக்கும். கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெட்டிய கம்பியை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். வருமுன் அந்தத் தடத்தை மேலும் கீழும் பாருங்கள், ஒரு சுருக்கோடு நிறுத்துகிறவர்கள் குறைவு.