தரையைத் தோண்டாமலே கழிவுக் குழாயைச் சரிசெய்யலாம்



"கக்கூஸ்ல தண்ணி இறங்க மாட்டேங்குது. கம்பி விட்டுக் குத்தினோம், சரியாச்சு. ஒரு மாசத்துல மறுபடியும் அடைச்சுக்கிச்சு." பழைய வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "தரையை உடைக்கணுமே, போனஸ் வரட்டும் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். அதற்குள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடுகிறது.

முதலில் மலத்தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈராண்டுக்கு ஒரு முறையாவது அதைக் காலிசெய்ய வேண்டும். தொட்டியில் குறையில்லை என்றால் குழாயில்தான் கோளாறு. பழைய வீடுகளில் பெரும்பாலும் சுட்ட மண் குழாய்களே புதைக்கப்பட்டன. நாளாவட்டத்தில் மண் அமுங்கி அவற்றின் இணைப்புகள் விலகும். ஈரத்தைத் தேடி மரவேர் உள்ளே நுழையும். கம்பி விட்டால் வேர் அறுபடும். ஆனால் மீண்டும் வளரும்.

வெடித்த குழாயிலிருந்து கசியும் மலநீர் மண்ணில் ஊறுகிறது. அருகில் கிணறு இருந்தால் அதிலும் கலக்கும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, ஏ வகை மஞ்சள் காமாலை ஆகியவை இப்படித்தான் பரவுகின்றன. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளையின் பாதத்தைத் துளைத்துக் கொக்கிப்புழு ஏறுகிறது. உடைந்த குழாய் எலிக்கும் குடியிருப்பாகும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். கவனிக்காவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும்.

இப்போது நல்ல செய்திக்கு வருவோம். குழாயைச் சரிசெய்ய எப்போதும் தரையைத் தோண்ட வேண்டியதில்லை. 1971இல் லண்டனில் எரிக் வுட் என்பவர் ஒரு பழைய கழிவுநீர்க் குழாய்க்குள் புதுக் குழாயை உருவாக்கிக் காட்டினார். வழி இதுதான்: பிசினில் ஊறவைத்த துணிக்குழல் ஒன்றை, சட்டைக் கையை உட்புறம் வெளியே வரத் திருப்புவதுபோல், நீரழுத்தத்தால் பழைய குழாய்க்குள் செலுத்துவார்கள். பிறகு சுடுநீர் விடுவார்கள். பிசின் இறுகி, இணைப்பே இல்லாத குழாய் ஒன்று உள்ளே நின்றுவிடும். வேர் நுழைய அதில் இடுக்கு இருக்காது.

இன்னொரு முறையும் உண்டு. இரண்டு முனையிலும் ஒவ்வொரு குழி மட்டும் தோண்டி, கூம்புபோன்ற இரும்புத் தலையை உள்ளே இழுப்பார்கள். அது பழைய குழாயை உடைத்துக்கொண்டே போகும். பின்னாலேயே புதிய பிளாஸ்டிக் குழாய் வரும்.

ஆனால் எல்லாக் குழாய்க்கும் இது சரிவராது. முழுவதும் இடிந்து அடைபட்ட குழாய்க்குள் துணிக்குழல் போகாது. தொய்ந்துபோன குழாய்க்கு உள்ளுறை போட்டாலும் அதே பள்ளத்தில் நீர் தேங்கும். அங்கே தோண்டத்தான் வேண்டும். ஆகவே முதலில் குழாய்க்குள் கேமரா விட்டுப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். படம் பார்க்காமல் விலை பேசாதீர்கள். வேலை முடிந்த பிறகும் ஒரு முறை கேமரா விடச் சொல்லுங்கள். பிசின் நெடி கடுமையாக இருக்கலாம். வேலை நடக்கும்போது சன்னல்களைத் திறந்து வையுங்கள். குளியலறைத் தரைத் துளையில் தண்ணீர் ஊற்றுங்கள். இழுப்புநோய் உள்ளவர்களை வேறிடத்துக்கு அனுப்புங்கள்.

செலவு யாருடையது? சொந்த வீடானால், பொதுக் குழாயில் சேரும்வரை உள்ள குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு. தோட்டத்து வீடானால் கதை வேறு. தொழிலாளருக்குக் கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், அதாவது 446ஆவது சட்டம், சொல்கிறது. "நாமே பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். எந்த வீடு, எத்தனை நாளாக நாற்றம், யாருக்குக் காய்ச்சல் என்று எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். ஒரு நகலைத் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். நடக்கவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

கடைசியாக ஒன்று. அடைப்பெடுக்க மலத்தொட்டிக்குள்ளோ ஆள்துளைக்குள்ளோ யாரும் இறங்கவே கூடாது. உள்ளே உள்ள விஷவாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. "நாத்தமே இல்ல, இறங்கலாம்" என்று நினைத்தவர் திரும்பி வரமாட்டார். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் மடிவார். உடனே 999க்குப் போன் செய்யுங்கள்.

குழாயை மாற்றலாம். போன உயிரை மாற்ற முடியாது, தோழர்களே!